பவளத் தீவுக்குள் படகை நுழைப்பதும் நங்கூரம் போடுவதும்

கோடைக்கானல் மலையில் உள்ள பண்ணைக்காட்டில் இருந்து கடலைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் வாசலில் நின்றால் காபிச் செடி, அதற்கு மேலே சில்வர் ஓக் மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, அதற்கும் அப்பால் மஞ்சு. கடல் தெரியாது. ஆனால் தூத்துக்குடித் தோணியில் இருபத்தேழு வருடம் போய்வந்தவன் நான். கடைசிப் பதினொரு வருடம் தண்டல், அதாவது தோணியின் தலைவன். மாலத்தீவுக்கு வெங்காயமும் காய்கறியும் ஜல்லியும் ஏற்றிப் போயிருக்கிறேன், லட்சத்தீவுப் பக்கமும் போயிருக்கிறேன். முழங்கால் தேய்ந்த பிறகு மனைவியின் ஊருக்கு வந்து மாமனார் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறேன்.

என் மச்சான் மகன் கொச்சியில் ஒரு பாய்மரப் படகில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறான். முப்பத்தெட்டு அடிப் படகு, நான்கு பேர். தை மாதம் லட்சத்தீவுக்குப் போகிறார்களாம். தீபாவளிக்கு ஊருக்கு வந்தவன், "மாமா, நடுக்கடல்ல எனக்குப் பயமில்ல. தீவுக்குள்ள நுழையறதை நினைச்சாத்தான் வயித்தைக் கலக்குது" என்றான். சரியான பயம்தான். நான் கண்ணால் பார்த்து மூன்று தோணி உடைந்திருக்கிறது. மூன்றும் தென்னந்தோப்பு தெரிகிற தூரத்தில்தான் உடைந்தன. நான்கு நாள் அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததை, சின்னப் படகில் தீவுக்குப் போகிற எவருக்கும் உதவட்டும் என்று இங்கே எழுதுகிறேன்.

முதலில் தீவின் அமைப்பு மனதில் படிய வேண்டும். கவரத்தி, அகத்தி, கட்மத், மினிக்காய் எல்லாம் ஒரே ஜாடை. கிழக்கே ஒல்லியாக நீண்ட தீவு, மேற்கே வளைந்த பவளத்திட்டு, இரண்டுக்கும் நடுவே அமைதியான ஆழமற்ற நீர். அதை லகூன் என்பார்கள். கிழக்குக் கரையில் கடல் திடீரென்று ஆழத்துக்கு இறங்கிவிடும், அங்கே நங்கூரம் பிடிக்க இடமில்லை. ஆக மேற்குப் பக்கம்தான் நுழைய வேண்டும். திட்டில் எங்கோ ஓரிடத்தில் ஒரு சந்து இருக்கும், அதுதான் வாசல். வாடைக் காற்று அடிக்கிற மார்கழி, தை, மாசியில் தீவே உங்களுக்குக் காற்று மறைப்பு. அதே இடம் மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற ஆனி, ஆடியில் திறந்துபோட்ட வீடு மாதிரி. அந்த மாதங்களில் தோணியே போகாது, சின்னப் படகும் போகக் கூடாது.

மாலத்தீவின் கதை வேறு. அங்கே திட்டு வட்டத்தில் பல வாசல் உண்டு, வாசல் அகலமாகவும் இருக்கும். ஆனால் உள்ளே ஆழம் முப்பது, நாற்பது மீட்டர் என்று போகும். வாசலில் நீரோட்டம் ஆற்று வெள்ளம் போல ஓடும். நுழைவது சுலபம், நங்கூரம் போடுவதுதான் கஷ்டம். நான் கீழே சொல்வது பெரும்பாலும் லட்சத்தீவு மாதிரி இடங்களுக்கு.

கிளம்பும் முன் செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். லட்சத்தீவுக்கு இந்தியக் குடிமகனும் அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். டேராடூனில் இருக்கும் தேசிய நீர்வரைவியல் அலுவலகம் வெளியிடும் கடல் வரைபடத்தில், அந்தத் தீவைப் பெரிதாகக் காட்டும் தாளை வாங்குங்கள். கடல் நீர் ஏறி இறங்கும் ஏற்றவற்றம் எத்தனை மணிக்கு என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வி.எச்.எஃப். வானொலியில் 16ஆம் சேனலைத் திறந்தே வையுங்கள். ஜிபிஎஸ் இருக்கிறதே என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். ஜிபிஎஸ் உங்கள் படகு நிற்கிற இடத்தைச் சரியாகத்தான் சொல்லும். ஆனால் வரைபடத்தில் இருக்கும் பாறை எந்தக் காலத்தில் அளந்த பாறையோ! திரையில் வாசலின் நடுவில் போய்க்கொண்டிருப்பீர்கள், தண்ணீரில் திட்டின் மேல் இருப்பீர்கள். வாசலைக் கண்ணால்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கண்ணுக்கு வெளிச்சம் வேண்டும், அதுவும் முதுகுப் பக்கத்தில் இருந்து வர வேண்டும். மேற்கு வாசலில் நுழைகிறவர் கிழக்கு நோக்கிப் போகிறார். காலை எட்டு மணிக்கு நுழைந்தால் சூரியன் நேர் எதிரே, தண்ணீர் முழுக்க வெள்ளித்தகடு. அடியில் என்ன இருக்கிறது என்று எந்த மனிதக் கண்ணாலும் பார்க்க முடியாது. மதியம் ஒரு மணியில் இருந்து மூன்று மணிக்குள் நுழையுங்கள். சூரியன் பின்னால் இருக்கும், உயரத்திலும் இருக்கும். மூன்றரைக்கு மேல் வெயில் சாய்ந்து மறுபடி பளபளப்பு வந்துவிடும். ஒரு ஆளைப் பாய்மரத்தில் எவ்வளவு உயரம் ஏற்ற முடியுமோ அவ்வளவு உயரம் ஏற்றி நிறுத்துங்கள். போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது.

மேலே நிற்கிறவர் நிறத்தைப் படிக்க வேண்டும். கருநீலம் என்றால் ஆழம். பச்சை கலந்த நீலம் என்றால் மணல் தரை, போகலாம். வெளிறி வெள்ளையாகிக்கொண்டே வந்தால் மணல் மேலே வந்துகொண்டிருக்கிறது. மஞ்சளும் பழுப்பும் பவளம், அதுவும் மேல்மட்டத்துக்கு அருகில். கறுப்புத் திட்டு ஒன்று தெரிந்தால் அது பாறையாக இருக்கலாம், கடற்புல் படுகையாக இருக்கலாம், மேகத்தின் நிழலாகவும் இருக்கலாம். நிழல் நகரும், பாறை நகராது. சந்தேகம் வந்தால் படகை நிறுத்தி அரை நிமிடம் பாருங்கள், விடை தானே வந்துவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். வெளியே காத்திருப்பதை நேர விரயமாக நினைக்காதீர்கள். அதுவும் நுழைகிற வேலையில் ஒரு பங்கு. நுழைவதற்கு ஆகும் நேரம் கால் மணி. அதற்கு முன் வெளியே இரண்டு மணி நேரமாவது நில்லுங்கள். விடியற்காலையில் தீவு அருகே வந்துவிட்டீர்கள் என்றால் வேகத்தைக் குறைத்துத் தள்ளியே நில்லுங்கள். இந்தத் தீவுகளுக்கு மலை கிடையாது, மேடு கூடக் கிடையாது. பத்துப் பன்னிரண்டு கடல் மைலுக்குள் வந்த பிறகுதான் தென்னைமரத் தலையே தெரியும். இரவில் அதுவும் தெரியாது. மினிக்காயில் 1885இல் கட்டிய கலங்கரை விளக்கம் இன்னமும் நிற்கிறது, தூரத்திலேயே ஒளி தெரியும். ஆனால் விளக்கு தீவு இருக்கும் இடத்தைத்தான் சொல்லும், வாசலைக் காட்டாது. விளக்கைப் பார்த்த தைரியத்தில் இருட்டில் கிட்டே போகாதீர்கள்.

பெருமாள்மலைக்கு மேலே மஞ்சு இறங்கினால் பழைய லாரி டிரைவர்கள் டீக்கடையில் வண்டியை ஓரங்கட்டிவிடுவார்கள். முன்னால் போகிற பஸ்ஸின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போய்விடலாம் என்று புதுசாக வந்தவர்கள் நினைப்பார்கள். அந்தப் பஸ் வழி தெரியாமல் ஓரத்துக்குப் போனால் இவர்களும் கூடவே போவார்கள். தீவு வாசலிலும் அதே கதைதான். உள்ளூர்ப் படகு ஒன்று சர்ரென்று உள்ளே போகும். அதன் அடிப்பாகம் இரண்டடி ஆழம், உங்களுடையது ஆறடி. அதன் பின்னாலேயே போகாதீர்கள். போகிற வழியை மட்டும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

காத்திருக்கும்போது திட்டில் அலை உடைவதைப் பாருங்கள். வெள்ளை நுரை ஒரே கோடாகப் போய், ஓரிடத்தில் அறுந்து, மறுபடி தொடங்கும். அறுந்த இடம்தான் வாசல். அங்கே தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது? பெரிய அலைகள் திட்டைத் தாண்டித் தண்ணீரை உள்ளே கொட்டிக்கொண்டே இருந்தால், அந்தத் தண்ணீர் வெளியேறவும் அதே வாசல்தான். அதனால் ஏற்றம் வரும் நேரத்திலும் வாசலில் நீர் வெளியே ஓடுவது உண்டு. அந்த ஓட்டத்துக்கு எதிரே காற்று அடித்தால் குத்து அலை எழும்பும். அப்போது நுழையாதீர்கள், தணியும்வரை நில்லுங்கள். ஓட்டம் தணிந்து, ஏற்றம் தொடங்கியிருக்கும் வேளைதான் நல்ல வேளை. எங்காவது தட்டி நின்றாலும் ஏறி வரும் தண்ணீர் உங்களைத் தூக்கிவிடும். வற்றும் நேரத்தில் தட்டினால் அடுத்த ஏற்றம்வரை திட்டின் மேல் சாய்ந்து கிடக்க வேண்டியதுதான்.

எங்கள் ஊரில் எஸ்டேட் ரோட்டுக்குள் லாரியை விடும் டிரைவர் முதலில் கேட்பது, "எங்கே திருப்பலாம்?" என்றுதான். நீங்களும் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்த மிதவைவரை திரும்பலாம், இதற்கு மேல் திரும்ப முடியாது என்று ஓரிடத்தை மனதில் குறித்துக்கொண்டு படகில் எல்லாருக்கும் சொல்லுங்கள். அந்த இடம் வரும் முன் எவருக்காவது மனசு ஒப்பவில்லை என்றால் திரும்பிவிட வேண்டும், பேச்சே இல்லை. மிதவைகள் இருந்தால், வெளியிலிருந்து உள்ளே போகும்போது சிவப்பு இடது கையில், பச்சை வலது கையில். மிதவை அறுத்துக்கொண்டு போய்விடுவதும் உண்டு, ஆகவே அதையே முழுதாக நம்ப வேண்டாம்.

நுழையும்போது எஞ்சின் ஓட வேண்டும், பாயும் இழுத்தால் ஏறுகிற நிலையில் இருக்க வேண்டும். நங்கூரம் கட்டவிழ்த்து அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், தொங்க வேண்டும். எஞ்சின் நின்றுவிட்டால் கையில் மிஞ்சுவது அது ஒன்றுதான். வேகம் இரண்டு, மூன்று நாட் (மணிக்கு இரண்டு, மூன்று கடல் மைல்) போதும். சுக்கான் பேச்சுக் கேட்கிற வேகம் இருந்தால் சரி. கரையில் முன்னும் பின்னுமாக இரண்டு அடையாளத்தைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளுங்கள். மசூதி மினாரும் அதற்குப் பின்னால் இருக்கும் தண்ணீர்த் தொட்டியும் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும்வரை நீங்கள் கோட்டில் இருக்கிறீர்கள். பின்னால் இருப்பது வலப்பக்கம் விலகித் தெரிந்தால் நீங்கள் வலப்பக்கம் தள்ளப்பட்டிருக்கிறீர்கள். படகின் மூக்கு நேராகத்தான் இருக்கும், ஆனால் நீரோட்டம் படகையே பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டிருக்கும். அதை இந்த இரண்டு அடையாளம்தான் காட்டிக்கொடுக்கும்.

இதைப் பழக கடல் வேண்டாம் என்று பையனைக் கோடைக்கானலுக்கு அழைத்துப் போனேன். 1863இல் மதுரைக் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை உண்டாக்கிய ஏரி அது. முதல் படகுகளைத் தூத்துக்குடியில் இருந்துதான் மலையேற்றினார் என்பார்கள், அந்த ஏரியில் எனக்குப் பிடித்த சங்கதி அது. ஏரி நட்சத்திர வடிவம். ஒவ்வொரு கையிலும் காற்று ஒவ்வொரு திசையில் திரும்பும். துடுப்புப் படகு ஒன்றை ஒரு மணி நேரத்துக்கு எடுத்து, கரையில் ஒரு விளக்குக் கம்பத்தையும் பின்னால் ஒரு யூகலிப்டஸ் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். முதல் தடவை, "நேராத்தானே மாமா போறேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். மரம் கம்பத்தை விட்டு ஒரு கை அகலம் விலகிவிட்டது. ஐந்தாவது தடவை காற்றுக்கு ஏற்றபடி மூக்கைக் கொஞ்சம் சாய்த்து, மரமும் கம்பமும் ஒட்டியபடியே கரை சேர்த்தான். அப்புறம் துடுப்பை எடுத்துவிட்டுச் சும்மா இருக்கச் சொன்னேன். காற்றுக்குப் படகு எப்படித் திரும்புகிறது, எவ்வளவு வேகமாக விலகுகிறது என்று பார்ப்பதற்கு. உங்கள் படகையும் இப்படிச் சும்மா விட்டுப் பார்த்திருக்க வேண்டும். நங்கூரம் போடும்போது அந்த விலகலைத்தான் நாம் பயன்படுத்துகிறோம்.

உள்ளே வந்தாயிற்று. நங்கூரம் போடும் இடத்தை அவசரப்படாமல் தேடுங்கள். மணல் தரை வேண்டும். பவளத்தின் மேல் போடவே கூடாது. அது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உள்ள உயிர், உடைத்தால் குற்றம். சட்டம் இல்லாவிட்டாலும், ஒரு சங்கிலி ஒரு ராத்திரி புரண்டு நொறுக்குவதை வளர்க்கக் கடலுக்குப் பல வருடம் வேண்டும். சங்கிலியும் பவளத்தில் சுற்றிக்கொள்ளும். தரை என்ன என்று தெரிய எங்கள் பழைய முறை ஒன்று உண்டு. கயிற்றில் கட்டிய ஈயக்குண்டின் அடியில் ஒரு குழி இருக்கும். அதில் துணி சோப்பை அப்பி இறக்கி, தரையில் ஒருமுறை தட்டித் தூக்குவோம். சோப்பில் மணல் ஒட்டியிருந்தால் மணல் தரை. ஒன்றும் ஒட்டாமல் கீறல் மட்டும் இருந்தால் பாறை. சாம்பல் நிறத்தில் வழவழவென்று வந்தால் சேறு. மின் கருவி ஆழத்தைச் சொல்லும், சோப்பு தரையையே கையில் கொண்டுவந்து கொடுக்கும்.

முன்பே நிற்கிற படகுகளைச் சுற்றி ஒரு வட்டம் போடுங்கள். எவ்வளவு சங்கிலி விட்டிருக்கிறீர்கள் என்று கூப்பிட்டுக் கேளுங்கள், எவரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். காற்று திரும்பினால் எல்லாப் படகும் சுழலும், நீங்கள் சுழலும் வட்டத்தில் வேறு படகோ பாறையோ வரக் கூடாது.

எவ்வளவு சங்கிலி என்பதற்கு இப்போது வருகிறேன். பையனுக்கு இது மூளையில் ஏறவில்லை. "கனமான நங்கூரம்தானே மாமா பிடிக்கும்?" என்றான். தோட்டத்துக்கு இறக்கிக்கொண்டு போனேன். முந்தின நாள் மழையில் செம்மண் பதமாக இருந்தது. மண் வெட்டும் கொத்தை எடுத்து, அதன் இரும்பு இலை பாதி புதையும்படி ஒரு போடு போட்டு, காம்பைத் தரையோடு படுக்க வைத்தேன். காம்பு நுனியில் கயிறு. முதலில் இரண்டு மீட்டர் கயிற்றில் நின்று இடுப்பு உயரத்தில் இழுக்கச் சொன்னேன். காம்பு எழும்பியது, இலை மண்ணைப் பெயர்த்துக்கொண்டு பட்டென்று வெளியே வந்தது. மறுபடி போட்டு, எட்டு மீட்டர் தள்ளி நின்று அதே இடுப்பு உயரத்தில் இழுக்கச் சொன்னேன். காம்பு தரையை விட்டு எழவில்லை. இழுக்க இழுக்க இலை உள்ளே போனது. நன்றாகச் சாய்ந்து இழுத்தான், குதிகால் செம்மண்ணில் வழுக்கியது, கொத்து அசையவில்லை. அடுத்து, கயிற்றுக்கும் காம்புக்கும் நடுவே ஒரு மாட்டுச் சங்கிலியைக் கட்டி, கிட்டே வந்து இழுக்கச் சொன்னேன். சங்கிலியின் கனம் காம்பை அழுத்திப் பிடித்ததால் குறைந்த தூரத்திலேயே நின்றது. நங்கூரமும் அதே கொத்துதான். அதன் காம்பு தரையோடு படுத்திருக்கும்வரை பிடிக்கும், காம்பு எழும்பினால் பெயர்ந்துவிடும்.

கணக்கு இதுதான். தண்ணீர் ஆழம், அதோடு தண்ணீரில் இருந்து அணியத்தின் உயரம், அதோடு இனி ஏறப்போகிற ஏற்றம். மூன்றையும் கூட்டுங்கள். முழுவதும் சங்கிலி என்றால் ஐந்து மடங்கு, கொஞ்சம் சங்கிலியும் மீதி கயிறும் என்றால் ஏழு மடங்கு. ஆழம் 6 மீட்டர், அணியம் 1 மீட்டர், ஏற்றம் 1 மீட்டர் என்றால் 8 மீட்டர். சங்கிலி 40 மீட்டர், கயிறானால் 56 மீட்டர். காற்று ஏறும் என்று தோன்றினால் இன்னும் விடுங்கள், பெட்டிக்குள் கிடக்கும் சங்கிலியால் யாருக்கும் பயனில்லை. நாங்கள் பாகக் கணக்கில் அளப்போம். இரண்டு கையையும் விரித்தால் ஒரு பாகம், ஏறக்குறைய ஆறடி. ஐந்து பாகத்துக்கு ஒரு துணி முடிச்சு, பத்துக்கு இரண்டு முடிச்சு. இருட்டிலும் விரல் எண்ணிவிடும்.

போடும் முறை: காற்றை எதிர்த்து மெதுவாக வாருங்கள். படகு நின்று, பின்னால் நகரத் தொடங்கும் அந்த நொடியில் நங்கூரத்தை இறக்குங்கள். வீசாதீர்கள். வீசினால் சங்கிலி அதன் தலையிலேயே குவிந்து சிக்கிக்கொள்ளும். தரையைத் தொட்டதும் படகு பின்னால் போகப் போகச் சங்கிலியை விட்டுக்கொண்டே வாருங்கள். பாதி போனதும் கொஞ்சம் பிடித்து நிறுத்துங்கள், நங்கூரம் திரும்பித் தன் மூக்கை மண்ணில் குத்தும். அப்புறம் மீதியையும் விட்டு, கட்டிவிட்டு, எஞ்சினைப் பின்பக்கமாக மெல்லப் போட்டு, கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இந்த நேரத்தில் ஒருவர் அணியத்தில் உட்கார்ந்து சங்கிலியில் உள்ளங்கையை வைத்திருக்க வேண்டும். பிடித்திருந்தால் சங்கிலி விறைத்து, அமைதியாக நிற்கும். இழுபட்டால் கடகடவென்று நடுங்கும், கரடுமுரடான ரோட்டில் சைக்கிள் ஹேண்டில் நடுங்குமே, அப்படி. பக்கவாட்டில் கரையில் இரண்டு மரத்தைச் சேர்த்துப் பாருங்கள். எஞ்சின் இழுக்கும்போதும் அவை விலகாமல் நின்றால் பிடித்துவிட்டது என்று அர்த்தம். தண்ணீர் தெளிவாக இருக்கும், கண்ணாடி மாட்டிக்கொண்டு குதித்து ஒருமுறை பார்த்துவிடுங்கள். சங்கிலியின் விறைப்பைத் தாங்க சங்கிலிக்கும் படகுக்கும் நடுவில் ஒரு நைலான் கயிற்றைக் கொக்கி போட்டுக் கட்டுங்கள். நங்கூரத்தில் நிற்கிறீர்கள் என்று மற்றவர்களுக்குத் தெரிய, பகலில் கறுப்புப் பந்து, இரவில் சுற்றிலும் தெரியும் வெள்ளை விளக்கு ஏற்றி வையுங்கள்.

ஒரு தீவில் துறை நெரிசலாக இருந்தது. நாற்பது பாகம் விட வேண்டிய இடத்தில், இடம் போதாது என்று இருபது பாகம் விட்டுப் படுத்துவிட்டேன். முடிவு என்னுடையது, வேறு யாரும் காரணமில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு மழையோடு காற்று திரும்பியது. கண் விழித்தது சத்தத்தால் அல்ல. வெறுங்கால் பலகையில் பட்டதும் உள்ளங்காலில் நடுக்கம் தெரிந்தது, சங்கிலி தரையில் இழுபடும் நடுக்கம். ஓடிப்போய் இருந்த சங்கிலி முழுவதையும் விட்டோம். பின்னால் திட்டு இரண்டு தோணி நீளத்தில் இருக்கும்போது பிடித்தது. ஆறு பேர் தோணியில் இருந்தார்கள். அன்றைக்குப் பிறகு இடம் போதாத துறையில் நான் தங்கியதே இல்லை, வெளியே தள்ளிப்போய் வேறு இடம் பார்ப்பேன்.

அதனால் இரவில் இருவராவது மாற்றி மாற்றி விழித்திருங்கள். மாலை வெளிச்சத்திலேயே, இருட்டிலும் தெரியக்கூடிய இரண்டு விளக்குகளைக் கரையில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு ஒருமுறை அணியத்துக்குப் போய் வெறுங்காலைச் சங்கிலியின் மேல் வையுங்கள். இழுபடுகிறது என்று தெரிந்தால் முதல் வேலை இன்னும் சங்கிலி விடுவது. அதிலும் நிற்காவிட்டால்தான் எஞ்சினைப் போட்டு, தூக்கி, மறுபடி போடுவது.

வெளியே போகும்போது வெயில் கணக்கு தலைகீழ். மேற்கு நோக்கிப் போகிறீர்கள், ஆகவே காலை ஒன்பதில் இருந்து பதினொன்றுக்குள் கிளம்புங்கள், சூரியன் முதுகில் இருக்கும். உள்ளே வரும்போதே அடிக்கடி திரும்பிப் பார்த்து, வெளியே போகும்போது வாசல் எப்படித் தெரியும் என்று மனதில் வாங்கியிருந்தால் வழி புதிதாகத் தெரியாது. ஜிபிஎஸ்ஸில் வந்த தடத்தைச் சேமித்து வையுங்கள், அது உங்கள் படகே அளந்த வழி. நங்கூரத்தை எஞ்சினால் இழுத்துப் பெயர்க்காதீர்கள். சங்கிலியைச் சுற்றிக்கொண்டே நங்கூரத்துக்கு நேர் மேலே வாருங்கள், இரண்டு அலையில் படகே காம்பை எழுப்பிவிடும், கிட்டே நின்று இழுத்ததும் செம்மண்ணில் இருந்து கொத்து வந்த மாதிரி.